தடுப்பூசித் தீங்கு: நிரூபிக்க வேண்டியது யார், எதை?

(உடப்புசல்லாவையில் தோட்டத் தொழிலாளரும் மரக்கறிச் செய்கையாளரும் கூடிய கூட்டமொன்றில் நிகழ்த்திய உரையின் எழுத்துருவம்)



சம்பளத்தைப் பற்றியும் காணியைப் பற்றியும் மொழியுரிமையைப் பற்றியும் இம்மலைகளில் நாம் எத்தனையோ கூட்டங்கள் நடத்தியிருக்கிறோம். இன்று எடுத்துக்கொண்ட பொருள் மேடைக்குப் புதியது. ஊசி போட்ட பின்னர் பிள்ளை வலிப்புக் கண்டு கிடக்கிறது, அல்லது உழைக்கும் மனிதன் ஒருவன் கைகால் விழுந்து போகிறான். ஊசியால் வந்ததே இது என்று வீட்டார் நம்புகின்றனர். நட்டஈடு கேட்கலாமா என்று எம்மிடம் வந்து வினவுகின்றனர். கேட்பதற்கு எவருக்கும் உரிமை உண்டு. ஆனால் கேட்பது வேறு, நிரூபிப்பது வேறு. அந்த நிரூபணத்தைப் பற்றியே இன்று பேச விரும்புகிறோம்.

ஓர் ஐயத்தை முதலிலேயே அகற்றிவிடுவோம். நாம் தடுப்பூசிக்குப் பகைவர் அல்லர். பெரியம்மை இத்தீவில் இறுதியாகக் காணப்பட்டது 1972ஆம் ஆண்டில். இளம்பிள்ளை வாதத்தின் கடைசி நோயாளி 1993ஆம் ஆண்டினர். பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவில் ஏழெட்டுப் பேர் படுத்தெழும் லயத்தில் ஒரு பிள்ளைக்குச் சின்னமுத்துக் கண்டால் வரிசை முழுவதற்கும் அது பரவும் என்பதை உங்களுக்கு நாம் சொல்லித் தெரியவேண்டுவதில்லை. ஊசி வேண்டாம் என்று எவரேனும் இக்கூட்டத்தின் பெயரால் சொல்வாராயின் அவர் எமது பேச்சைத் திரித்தவராவார்.

எமது மக்களுக்கும் தடுப்பூசிக்கும் உள்ள உறவு பழையது. 1886ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம் அம்மை குத்துதலை இலங்கையிற் கட்டாயமாக்கிற்று. தென்னிந்தியாவிலிருந்து தோட்டங்களுக்கு வந்த எம் முன்னோர், கப்பலேறுமுன் தட்டப்பாறையிலும் மண்டபத்திலும் இருந்த முகாம்களில் நாட்கணக்கில் அடைத்து வைக்கப்பட்டு, அம்மை குத்தப்பட்ட பின்னரே அனுப்பப்பட்டனர். எவரும் அவர்களுடைய சம்மதத்தைக் கேட்கவில்லை. தீவின் நலத்துக்காகக் கைநீட்டிய அந்த மக்களின் பிள்ளைகளுக்கே 1948ஆம் ஆண்டிற் குடியுரிமை இல்லை என்று சொல்லப்பட்டது. அது தனிக்கதை, இங்கு வேண்டுவது ஒன்றே. தடுப்பூசி என்பது ஒருவருக்காக மட்டும் போடப்படுவதன்று, எல்லாருக்குமாகப் போடப்படுவது. அதனால் அரிதாக ஒருவருக்குத் தீங்கு வருமாயின் அதன் சுமை எவருடையது என்ற கேள்வி அங்கேயே பிறந்துவிடுகிறது.

இன்றைய சட்டம் என்ன சொல்கிறது? தடுப்பூசித் தீங்குக்கென்று தனிச்சட்டம் இலங்கையில் இல்லை. ஆகவே வழக்காளி பொதுவான தீங்கியற் சட்டத்தின் கீழேதான் செல்லவேண்டும். 1969ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கச் சட்டம் வரும்வரை, அரச ஊழியரின் கவனயீனத்துக்காக அரசின் மேல் வழக்குத் தொடரவும் வழியிருக்கவில்லை. இப்பொழுது வழியுண்டு, ஆனால் மூன்று முடிச்சுகளை அவிழ்க்கவேண்டும். தீங்கு நேர்ந்தது என்பது ஒன்று. ஒருவர் தம் கடமையிற் கவனயீனமாக இருந்தார் என்பது இரண்டு. அந்தக் கவனயீனத்தாலேயே இந்தத் தீங்கு விளைந்தது என்பது மூன்று. மூன்றையும் நிரூபிக்கும் பாரம், சாட்சியக் கட்டளைச் சட்டத்தின் 101ஆம் பிரிவின்படி, கேட்பவரைச் சாரும்.

மூன்றாவது முடிச்சு எவ்வளவு கடியது என்பதைக் காட்ட ஒரு வழக்கைச் சொல்வோம். பேராசிரியை பிரியாணி சொய்சாவுக்கும் ரியென்சி அர்சகுலரத்னவுக்கும் இடையே நடந்த வழக்கு இந்நாட்டு வைத்தியக் கவனயீன வழக்குகளுள் மிகப் பெயர் பெற்றது. ஊசியைப் பற்றியதன்று, மூளையிற் கட்டி கண்டு இறந்த ஒரு பெண் குழந்தையைப் பற்றியது. தந்தை சட்டம் படித்தவர், கொழும்பில் வாழ்ந்தவர்; கீழ் நீதிமன்றங்களில் வென்றவர். 2001ஆம் ஆண்டில் உயர் நீதிமன்றம் என்ன சொல்லிற்று? கவனயீனம் இருந்தது என்று ஏற்றுக்கொண்டது. ஆயினும் அக்கவனயீனமே மரணத்துக்குக் காரணம் என்பது நிரூபிக்கப்படவில்லை என்று வழக்கைத் தள்ளிவிட்டது. பிள்ளையின் அன்பையும் துணையையும் இழந்ததற்காகப் பெற்றோர் பணம் கேட்கவும் அச்சட்டத்தில் இடமில்லை என்றது. இந்த இரண்டாவது குறையை 2019ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கச் சட்டம் பின்னர் நீக்கிற்று; ஒருவரது தவறான செயலால் மரணம் நேருமிடத்து அத்தகைய இழப்புக்கும் உறவினர் இப்பொழுது நட்டஈடு கோரலாம். முதலாவது குறை, அதாவது காரணத்தை நிரூபிக்கும் பாரம், அப்படியே நிற்கிறது. சட்டம் அறிந்த தந்தைக்கே முடியாதது கொழுந்து பறிக்கும் தாய்க்கு எங்ஙனம் முடியும் என்று நீங்கள் கேட்பீர்கள். முறையான கேள்வியே.

எனினும் நீதிமன்றத்தின் பக்கமும் ஒரு நியாயம் உண்டு. அதை மறைத்துப் பேசுவது வழக்குரைஞருக்கு அழகன்று. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை உங்களுக்குத் தெரியும். இரண்டாம், நான்காம், ஆறாம் மாதங்களில் எல்லாப் பிள்ளைகளுக்கும் ஊசி போடப்படுகிறது. பிறவி நோய்களும் வலிப்பும் தலைகாட்டும் பருவமும் அதுவே. ஊசிக்குப் பின் வந்தது என்பதால் ஊசியால் வந்தது என்று ஆகிவிடாது. கக்குவான் தடுப்பு மருந்தே நிலையான மூளைச்சேதத்துக்குக் காரணம் என்று இங்கிலாந்திற் பல பெற்றோர் நெடுங்காலம் நம்பினர். 1988ஆம் ஆண்டில் இலண்டன் உயர் நீதிமன்றம் அது நிரூபிக்கப்படவில்லை என்று தீர்ப்பளித்தது. 2006ஆம் ஆண்டில் அவுஸ்திரேலிய ஆராய்ச்சியாளர், ஊசியால் மூளை பாதிக்கப்பட்டதாகக் கருதப்பட்ட 14 பேரைச் சோதித்தபோது 11 பேரிடம் வலிப்பை உண்டாக்கும் ஒரு மரபணு மாற்றம் காணப்பட்டது. இந்த நிலையில், எம்மிடம் வருகின்ற கோரிக்கைகள் எல்லாம் வெல்லும் என்றோ வெல்லவேண்டும் என்றோ நாம் சொல்லமாட்டோம்.

பின் எவை வெல்லும்? காலக் கணக்குப் பொருந்துபவை. ஒவ்வொரு மருந்தின் தீங்குக்கும் ஒரு கால எல்லை உண்டு. ஒவ்வாமையால் மூச்சடைத்து இரத்த அழுத்தம் விழுவது பெரும்பாலும் நிமிடங்களில். மிஞ்சினாற் சில மணித்தியாலங்களில். கக்குவான் சேர்ந்த மருந்தின் காய்ச்சலும் வலிப்பும் இரண்டு மூன்று நாட்களுள். சின்னமுத்துத் தடுப்பூசியின் காய்ச்சல் வலிப்போ இரண்டாம் வாரத்தை ஒட்டி வரும். ஊசி போட்ட ஒரு மணித்தியாலத்தில் வலிப்பு வந்தால் அதனைச் சின்னமுத்து மருந்தின் தலையிற் சுமத்துவது கடினம். கொரோனாக் காலத்து அஸ்ட்ராசெனகா ஊசியின் பின்னர் அருமையாகக் கண்ட இரத்தக்கட்டு, நாலாம் நாளுக்கும் ஆறு வாரத்துக்கும் இடைப்பட்ட காலத்துக்குரியது. ஆகையால், “ஊசி போட்ட பிறகு” என்று சொன்னாற் போதாது. எத்தனை மணிக்கு ஊசி, எத்தனை மணிக்கு முதற் குறி என்று சொல்லவேண்டும்.

இங்கே எமது பெண்களின் வாழ்க்கைமுறை குறுக்கே நிற்கிறது. கிளினிக்குக்குப் பிள்ளையைக் கொண்டுபோன தாய், பிள்ளையைப் பிள்ளைக்காம்பராவில் விட்டுவிட்டு மீண்டும் மலைக்குப் போகிறாள். முதற் குறியைக் காண்பவள் பிள்ளை பார்க்கும் அம்மாள், தாயல்லள். ஆதலின் முதற் சாட்சி அவளே. அன்று தாய் அரைநாள் வேலைக்குப் போகவில்லை என்பது தோட்டத்துச் செக்றோலில் இருக்கும். திகதியை நிரூபிக்க அதுவும் ஒரு சாட்சியம். இங்கு வந்திருக்கும் ஆசிரியர்களுக்கும் எழுதுவினைஞர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: லயத்தில் இப்படி ஒன்று நிகழ்ந்தால் அன்றே கொப்பியில் மணியும் திகதியும் போட்டு, கண்டவர் சொன்னதை எழுதி ஒப்பம் வாங்கி வையுங்கள். ஆறு மாதங் கழித்து நாம் எழுதும் சத்தியக்கடதாசியிலும் அந்தக் கொப்பியை நீதிமன்றம் பெரிதாக மதிக்கும்.

காலத்துக்கு அடுத்தது போத்தல். அதன் பெருமையை ஒரு பழைய நிகழ்ச்சி காட்டும். 1902ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆம் திகதி பஞ்சாபில் முல்கோவால் என்ற கிராமத்தில் 107 பேருக்குப் பிளேக் தடுப்பு மருந்து ஏற்றப்பட்டது. மருந்து ஐந்து போத்தல்களில் வந்திருந்தது. ஒரு வாரமளவில் 19 பேருக்கு ஏற்புவலி கண்டு அத்தனை பேரும் மாண்டனர். விசாரித்தபோது, அந்த 19 பேரும் 53-என் என்று இலக்கமிட்ட ஒரே போத்தலிலிருந்து மருந்து பெற்றவர் என்பது தெரிந்தது. மற்றைய நான்கு போத்தல்களில் மருந்து பெற்ற 88 பேருக்கும் ஒன்றும் நேரவில்லை. பம்பாயில் மருந்து செய்த ஆய்வுகூடத்தின் மேலும் அதன் தலைவர் ஹாவ்கின் மேலும் பழி சுமத்தப்பட்டது. அவர் பதவி இழந்தார். போத்தலைத் திறந்த உதவியாளர் இடுக்கியை நிலத்திலே தவறவிட்டு, முறைப்படி தூய்மை செய்யாமல் அதைக்கொண்டே அடைப்பானை எடுத்த செய்தி சாட்சியத்தில் இருந்தும் பொருட்படுத்தப்படவில்லை. நுளம்பால் மலேரியா பரவுவதைக் கண்டறிந்த றொனால்ட் றோஸ் முதலிய அறிஞர்கள் வாதாடியதன் பின், 1907ஆம் ஆண்டிலேதான் ஹாவ்கின் பழியினின்றும் நீங்கினார்.

இதை விரித்துச் சொன்னதற்குக் காரணம் உண்டு. குற்றம் மருந்திலா, ஊசி போட்ட கையிலா, அன்றித் தற்செயலா என்பதைப் பிரித்துக் காட்டியது போத்தலின் இலக்கமும், அதே போத்தலிலிருந்து மருந்து பெற்ற மற்றவர்களின் கதியும் ஆகும். அன்றைய தினம் கிளினிக்கில் இன்னும் எந்தெந்தப் பிள்ளைகளுக்கு அதே போத்தல், அவர்களில் எவருக்கேனும் நோவு கண்டதா என்று அந்த வாரத்திலேயே விசாரிக்கவேண்டும். பிள்ளையின் சுகாதாரப் பதிவேட்டில் திகதியோடு தொகுதி இலக்கமும் எழுதப்பட்டிருக்கிறதா என்று பார்க்கவேண்டும். இல்லையேல் மருத்துவ மாதுவிடம் மரியாதையாகக் கேட்டு எழுதுவிக்கவேண்டும். அவர்கள் எமக்கு எதிரிகள் அல்லர். மழையிலும் பனியிலும் மலையேறி வருபவர்கள்.

சுகாதார வைத்திய அதிகாரிக்கு உடனே எழுத்தில் அறிவித்தல் வேண்டும். தடுப்பூசிக்குப் பின் நேரும் பாதகங்களைக் கண்காணிக்கும் முறை இந்நாட்டில் 1996ஆம் ஆண்டு முதல் இருக்கிறது. அறிக்கை கொழும்பிலுள்ள தொற்றுநோயியற் பிரிவுக்குப் போகும். அது நட்டஈட்டுப் படிவமன்று. மருந்தின் பாதுகாப்பை அறிவதற்கான படிவம். ஆயினும் பின்னாளில் அதுவே வலிய சாட்சியம். மிஞ்சிய மருந்தும், அது வைக்கப்பட்ட குளிர்ப்பெட்டியின் வெப்பக் குறிப்பும் காக்கப்படவேண்டும் என்று அந்தக் கடிதத்திலேயே கேளுங்கள். மருந்து 2 பாகைக்கும் 8 பாகைக்கும் இடையில் இருந்ததா, தூளைக் கரைத்த மருந்து ஆறு மணித்தியாலத்துள் முடிக்கப்பட்டதா என்பவை அந்தக் குறிப்புகளிலேதான் உண்டு. அவை அரச ஊழியர் கையில் இருப்பவை. ஒருவருக்கே சிறப்பாகத் தெரிந்த விடயத்தை நிரூபிக்கும் பாரம் அவரையே சாரும் என்று சாட்சியக் கட்டளைச் சட்டத்தின் 106ஆம் பிரிவு சொல்கிறது. அந்தக் குறிப்புகள் தொலைந்துவிட்டன என்ற விடை வருமாயின் இப்பிரிவை எடுத்து நாம் வாதாடுவோம். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழும் பிரதி கேட்கலாம். எழுதத் தெரியாதவர் வாயாற் சொன்னாலும் அதிகாரி அதை எழுதிக்கொள்ளக் கடமைப்பட்டவர். அச்சட்டம் “பிரசை” என்று சொல்கிறது; 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்துக்குப் பின் அந்தச் சொல்லைக் கண்டு எம்மவர் கூசவேண்டியதில்லை. தமிழில் எழுதித் தமிழிற் பதில் பெறும் உரிமை அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரையில் உண்டு. விளங்காத மொழியிலுள்ள வாக்குமூலத்தில் எவரும் பெருவிரல் வைக்கலாகாது.

சொல்வதற்கு மனம் வராத ஒன்றையும் சொல்லவேண்டியிருக்கிறது. பிள்ளை இறந்துபோனால், “அறுக்கவேண்டாம், கொடுத்துவிடுங்கள்” என்று வீட்டார் மன்றாடுகின்றனர். அந்த நெஞ்சின் வலியை அறியாதவர் அல்லர் நாம். ஆனால் பிரேத பரிசோதனை இன்றி அடக்கஞ் செய்த பின்னர் எந்த நீதிமன்றத்திலும் காரணத்தை நிரூபிப்பது ஏறத்தாழ முடியாத செயல். சட்ட வைத்திய அதிகாரியின் பரிசோதனையைக் கேட்டுப் பெறுங்கள்.

காலாவதியை மறக்கலாகாது. தீங்கியல் வழக்குக்குப் பொதுவாக இரண்டு ஆண்டுகள். அரசின் மேல் வழக்காயின் சட்டமா அதிபருக்கு ஒரு மாத முன்னறிவித்தல் வேண்டும். அடிப்படை உரிமை மனுவுக்கு ஒரே மாதம். அம்மாதத்துள் மனித உரிமைகள் ஆணைக்குழுவிடம் முறையிட்டால் அங்கு விசாரணை நடக்குங் காலம் கணக்கில் வராது. பிள்ளைகளின் உரிமைக்குச் சட்டம் நீண்ட தவணை தருவதுண்டு. அதை நம்பிச் சாட்சிகளைக் கலையவிடுவது அறிவாகாது. பணமில்லாதவர் சட்ட உதவி ஆணைக்குழுவை நாடலாம்.

இவையெல்லாம் செய்தும் என்ன பெறுவோம்? இங்கேதான் இச்சட்டத்தின் பெருங்குறை வெளிப்படுகிறது. பாதகம் நேர்ந்தால் ஆராயும் நிபுணர் அதனை, ஊசி போட்டவரின் பிழை, மருந்தின் தரக்குறைவு, மருந்தின் இயல்பான விளைவு, ஊசிப் பயத்தால் வந்தது, தற்செயல் என்று வகுப்பர். போட்டவரின் பிழையானால் கவனயீனம் தெரிந்துவிடும், சட்டம் கைகொடுக்கும். மருந்து தரங்குறைந்ததானால் செய்தவரைக் கேட்கலாம். தற்செயலானால் எவரையும் கேட்க நியாயமில்லை. ஆனால் மருந்தும் நல்லது, போட்டவரும் ஒழுங்காகவே போட்டார், என்றாலும் இந்த ஓர் உடம்பு அதைத் தாங்கவில்லை என்று முடிவானால்? ஊசியால் வந்தது என்பது ஐயமற நிரூபணமாகியும் வழக்குத் தோற்கும். ஏனெனிற் குற்றவாளி என்று காட்ட ஒருவர் இல்லை.

நாய்க்கடிக்குத் தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி போட்ட காலம் பெரியோர்களுக்கு நினைவிருக்கும். ஆட்டின் மூளையிலிருந்து செய்த அந்த மருந்து எத்தனையோ உயிர்களைக் காத்தது. சிலருக்குப் பக்கவாதத்தையும் தந்தது. செய்தவர் பிழையன்று, மருந்தின் இயல்பு அது. இந்தியாவில் அதன் உற்பத்தி 2004ஆம் ஆண்டின் இறுதியிலேதான் நிறுத்தப்பட்டது. அதனால் முடமானவர் எந்தக் குற்றத்தை எவர்மேல் நிரூபிப்பார்?

எமது நாட்டிலும் இந்த மங்கல் இருந்தது. 2008 ஜனவரியில் ஐந்து நோய்க்கான கூட்டுத் தடுப்பூசி தொடங்கப்பட்டது. மூன்று மாதத்துள் 4 மரணங்களும், குழந்தைகள் சோர்ந்து துவண்டுவிழுந்த 24 நிகழ்ச்சிகளும் அறிவிக்கப்படவே அந்தத் தொகுதி நிறுத்தப்பட்டது. 2009 ஏப்பிரலில் அடுத்த தொகுதியோடு இன்னொரு மரணம் அறிவிக்கப்பட, அந்தத் தடுப்பூசியே நிறுத்தப்பட்டது. நிபுணர் ஆராய்ந்தபின் 2010இல் மீண்டும் வந்தது. மருந்தைப் பற்றிய கேள்விக்கு விடை காண உலக நிபுணர் வந்தனர், அது நன்றே. பெற்றோருடைய கோரிக்கையைக் கேட்டுத் தீர்ப்பதற்கு மட்டும் ஒரு மன்றம் இருக்கவில்லை.

குற்றம் நிரூபிக்காமல் நட்டஈடு கொடுப்பது புதுமையான கருத்தா? தோட்டத் தொழிலாளிக்கு அது புதுமையன்று. கவ்வாத்துக் கத்தி காலில் வெட்டினால், துரை குற்றஞ் செய்தார் என்று நீங்கள் நிரூபிக்கவேண்டுமா? வேண்டாம். வேலையின்போது, வேலையால் நேர்ந்தது என்றால் போதும். 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் அதனை ஏற்றுக்கொண்டுவிட்டது. தோட்டத்தின் ஆதாயத்துக்கான வேலையில் வந்த தீங்கைத் தோட்டம் சுமக்கவேண்டும் என்றால், நாட்டின் ஆதாயத்துக்கான ஊசியில் வந்த தீங்கை நாடு சுமக்கவேண்டும். ஜெர்மானிய உச்ச நீதிமன்றம் 1953ஆம் ஆண்டில், கட்டாய அம்மைக் குத்தலால் ஊறுபட்டவர் பொதுநலத்துக்காகத் தியாகஞ் செய்தவர் என்று இதே நியாயத்தைச் சொல்லிற்று. 1961இல் அது சட்டமாயிற்று. பிரித்தானியா 1979இல் சட்டஞ் செய்தது. ஆனால் நூற்றுக்கு 60 ஊனம் இருந்தாலன்றி ஒரு காசும் இல்லை என்பது அதன் கொடுமை. அமெரிக்காவின் 1986ஆம் ஆண்டுச் சட்டம் எமக்குப் பாடமாகத் தக்கது. எந்த மருந்துக்கு எந்தத் தீங்கு, எத்தனை மணித்தியாலத்துள் என்று அட்டவணை போட்டிருக்கிறார்கள். அதற்குட் பொருந்தினால் ஊசியே காரணம் என்று எடுத்துக்கொள்ளப்படும், மறுக்கும் பாரம் அரசுக்கு. பணம், ஒவ்வொரு ஊசிமருந்தின் மேலும் விதித்த சிறு வரியிலிருந்து வருகிறது.

இந்தியாவைக் கேட்பீர்கள். கொரோனா ஊசியின் பின் பிள்ளைகளை இழந்த பெற்றோர் சென்றபோது, தாம் பொறுப்பல்லர், குடியியல் நீதிமன்றம் போகலாம் என்று 2022 நவம்பரில் மத்திய அரசு உச்ச நீதிமன்றத்துக்குச் சொல்லிற்று. அவ்வழியின் கரடுமுரடை இவ்வளவு நேரம் சொன்னோம்.

கொரோனாக் காலத்திலேயே இலங்கையரிற் சிலருக்கு ஒரு கதவு திறந்தது. பலர் அதை அறியார். கோவக்ஸ் என்ற உலகத் திட்டம் இலங்கை உட்பட 92 நாடுகளுக்குக் கொடுத்த ஊசியால் கடுந்தீங்கு வந்தால், குற்றம் நிரூபிக்காமலே நட்டஈடு பெறும் ஒழுங்கை 2021இல் உலக சுகாதார நிறுவனம் அமைத்தது. நாட்டின் தலைக்குரிய வருமானத்தின் பன்னிரண்டு மடங்கு, அதைத் தீங்கின் அளவாற் பெருக்கிய தொகை. ஆனால் கோவக்ஸ் வழியாக வந்த மருந்துக்கு மட்டுமே. 2021 ஜனவரி 28ஆம் திகதி இந்திய அன்பளிப்பாக வந்த கோவிஷீல்ட் 500,000; மார்ச் 7ஆம் திகதி கோவக்ஸ் மூலம் வந்த அதே கோவிஷீல்ட் 264,000. ஒரே மருந்து, ஒரே தொழிற்சாலை. ஒன்றைப் பெற்றவருக்குக் கதவு மூடியது, மற்றதைப் பெற்றவருக்குத் திறந்தது. அவ்வாண்டு ஏப்பிரலில், இவ்வூசியின் பின் ஆறு பேருக்கு இரத்தக்கட்டுக் கண்டு மூவர் இறந்ததாகச் சுகாதார அமைச்சரே பாராளுமன்றத்திற் சொன்னார். அந்த மூவருக்கு எந்த விமானத்தில் வந்த மருந்து என்பதைத் தொகுதி இலக்கமே சொல்லும்.

ஆகவே இக்கூட்டத்தின் முன் ஒரு தீர்மானத்தை வைக்கிறோம். தடுப்பூசித் தீங்குக்குக் குற்றம் நிரூபிக்க வேண்டாத நட்டஈட்டுச் சட்டம் ஒன்று பாராளுமன்றத்தில் வரவேண்டும். தீங்குகளின் அட்டவணையும் கால எல்லையும் அதில் இருத்தல் வேண்டும். அட்டவணைக்குட் பொருந்தியதை மறுக்கும் பாரம் அரசைச் சாரவேண்டும். ஊனத்தின் அளவுக்கேற்ற தொகை வேண்டும். 60க்குக் கீழே ஒன்றுமில்லை என்ற பிரித்தானிய வழக்கம் வேண்டாம். விசாரணைச் சபை மலையகத்துக்கு வந்து தமிழில் விசாரித்தல் வேண்டும். ஊசி போட்ட ஒவ்வொருவருக்கும் மருந்தின் பெயர், தொகுதி இலக்கம், நேரம் ஆகியன எழுதிய துண்டு கையிற் கொடுக்கப்படவேண்டும். இதற்குச் சட்டமுந் தேவையில்லை, ஒரு சுற்றுநிருபம் போதும், நாளைக்கே செய்யலாம். இச்சட்டத்தை நாடியவர் நீதிமன்றம் போகும் உரிமையை இழக்கலாகாது.

தீர்மானத்தின் தமிழ்ப் பிரதியும் சிங்களப் பிரதியும் மேசையில் இருக்கின்றன. இவ்வட்டாரத்துச் சிங்கள விவசாயிகளும் ஒப்பமிட வருவதாகச் சொல்லியிருக்கின்றனர், அவர்கள் பிள்ளைகளுக்கும் இதே ஊசிதான். பிள்ளையின் பதிவேட்டைக் கொண்டுவந்திருக்கும் தாய்மார் கூட்டம் முடிந்ததும் சற்றுத் தங்கினால், தொகுதி இலக்கம் எழுதப்பட்டிருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்துச் சொல்வோம்.